பாயில் வைக்க ஒன்றும் இல்லாதவள்

மகன், போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு "பாப்பம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். யோசிக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. பதில் அப்போதே என்னிடம் இருந்தது. ஆனால் தொலைபேசியில் நான் எதைத் தொடங்கினாலும் நீ இடையில் "சரி அம்மா, சரி அம்மா" என்பாய். பிறகு உனக்கு வேலைக்குப் போகும் நேரமாகிவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உனக்கு எழுதினாலும் இதை உன் வாசிப்பு வட்டத்துக்காரரும் படிக்க வேண்டும். எழுதி முடித்ததும் ஒரு பிரதியை ஜெசிந்தாவின் கையில் கொடுப்பேன். அவள் எல்லோருக்கும் காட்டட்டும். ஒளித்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

நீ கேட்டது இரண்டு விஷயம். பட்டினத்தில் வட்டம் கூடிவந்த மண்டபத்தை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார், இனிப் போக இடமில்லை, பழையபடி நம் கல்லடி வீட்டு விறாந்தையைத் திறந்துவிட வேண்டும் என்பது முதலாவது. இரண்டாவதைச் சற்றுத் தயங்கித்தான் சொன்னாய். "நீங்களும் வந்து இரிங்க அம்மா. ஏதாவது செஞ்சி பாயில வைங்க. உங்கட தொதல் இரிக்கே, அது காணும், வேற ஒண்டும் வேணாம். சமையலும் கலைதானே." சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்கு ஒரு வழி பண்ணிக் கொடுத்துவிட்ட சந்தோஷம் அந்தச் சிரிப்பில் இருந்தது. மகன், நான் தொதல் கிண்டுவது யேசு பிறந்த நத்தாருக்கு வீட்டில் அந்த இனிப்பு இருக்க வேண்டும் என்பதற்காக. சோறு சமைப்பது பசிக்காக. அதற்குக் கலை என்று பெயர் வைத்து எனக்கு யாரும் கதிரை போட வேண்டாம். நான் அங்கே கேட்டது புத்தகம் படித்த ஒருத்தியின் இடம். அதை நீங்கள் தரவில்லை. இப்போது தொதல் தட்டைப் பிடித்துக்கொண்டு பின் கதவால் வரச் சொல்கிறாய்.

நான் வாசல் கேற்றைப் பூட்டிய பிறகு வட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு இது என்ன சண்டை என்று தெரியாது. கிழவிக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நீ படம் கீறுகிறவன். ஜெசிந்தா கலியாண வீடுகளில் படம் எடுக்கிறவள். றிஸ்வான் காத்தான்குடியில் தறிக்காரருக்குச் சேலைக் கரை வரைந்து கொடுக்கிறவன். உங்கள் மாதிரி ஆட்களுக்கு ஒன்றாக இருந்து வாசிக்க ஓர் இடம் வேண்டும் என்று நீதான் ஆசைப்பட்டாய். சனிக்கிழமை நாலு மணிக்கு நம் விறாந்தையில் கூடினீர்கள். முதல் கூட்டங்களுக்கு ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்தார். புத்தகத்தின் பின் அட்டையை மட்டும் படித்துவிட்டு வந்து பொழுதுபடும் வரை பேசுவார். றிஸ்வான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் "தம்பி, நீர் இன்னும் நிறைய வாசிக்க வேணும்" என்பார். அவன் முழுப் புத்தகமும் படித்தவன். தலையைக் குனிந்துகொள்வான். அதைப் பார்த்துப் பொறுக்காமல் நீ ஒரு விதி போட்டாய். நடுவில் ஒரு பன்பாய் விரித்தாய். புத்தகத்தைப் படித்துத் தன் கையால் எதையாவது செய்தவர் அதைப் பாயில் வைக்க வேண்டும். படமோ, துணித்துண்டோ, மெட்டோ, எதுவும் ஆகும். வைத்தவர் பேசலாம். வைக்காதவர் கேட்கலாம். அதிகாரி ஒரே கிழமையில் வராமல் நின்றுவிட்டார். பிறகு றிஸ்வான் வாய் திறந்தான். என்ன அழகாகப் பேசினான் என்று சமைத்துக்கொண்டே குசினியிலிருந்து நானும் கேட்டேன்.

ஒருவரின் தொல்லையிலிருந்து சிலரைக் காக்கப் போட்ட வேலி அது. வேலிக்கு வெளியே வேறு யார் நிற்கிறார்கள் என்று நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் எப்படி வாசிக்கப் பழகினேன் என்பது உனக்கு அரைகுறையாகத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு என்னை நிற்பாட்டினார்கள். பட்டினத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் தாள் மடிக்கும் வேலைக்குப் போனேன். பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி வரும். மடித்து அடுக்க வேண்டும். மடிக்கும்போதே கண் ஓடும். ஒரு நாள் கதையின் நடுப்பகுதி வரும், மறுநாள் முடிவு வரும், தொடக்கம் வேறொருத்தியின் மேசைக்குப் போய்விடும். யார் யாருக்கு மகள், ஏன் அழுகிறாள் என்று தெரியாமல் பக்கம் பக்கமாக வாசித்திருக்கிறேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் பாலத்தில் நின்று, முன்னால் என்ன நடந்திருக்கும் என்று நானே யோசித்து முடிப்பேன். முழுப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தது கலியாணத்துக்குப் பிறகுதான். உன் அப்பா வாங்கித் தந்தார். "இனி ஒழுங்கா முன்னால இருந்து வாசி கா" என்றார். அந்த மனுசன் ஒரு புத்தகமும் படித்தவர் இல்லை. ஆனால் நான் படித்ததைச் சொன்னால் மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். என் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

வட்டத்துக்கு நீ வாங்கிய புத்தகம் எல்லாம் நம் அலுமாரியில்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் உங்கள் எல்லோருக்கும் முன்னால் நான் படித்து முடித்தேன். உனக்கு அது தெரியும். சில கிழமை நீ அரைவாசியில் விட்டுவிட்டு "கடைசியில என்ன நடக்கும் அம்மா?" என்று என்னிடம் கேட்டுப் போய்ப் பாயில் படம் வைத்ததும் உண்டு. நான் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்று கேட்பேன். "மாமிட தேத்தண்ணிக்காகத்தான் நான் வாசிக்கவே பழகினன்" என்று றிஸ்வான் பகிடி விடுவான். எனக்குக் கோபம் இல்லை. விதி விதிதான் என்று நானும் இருந்தேன். ஒரு படத்தைக் கிறுக்கி வைத்துவிட்டுப் பேசியிருக்கலாம். ஜெசிந்தா கூட ஒரு தரம் குசினிக்குள் வந்து, "மாமி, ரெண்டு கோடு இழுத்துத் தாறன், நீங்க வைச்சிட்டுக் கதைங்களன்" என்றாள். எனக்குப் படம் கீற வராது. வராததை வரும் என்று காட்டி வாய் திறக்க என்னால் முடியாது.

பிறகு அந்த நாவல் வந்தது. மகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயின் கதை. அலுமாரியிலிருந்து எடுத்து வைத்து, மூடி, மறுபடி எடுத்து, ஒரு கிழமை முழுக்க வாசித்தேன். அந்தச் சனிக்கிழமை றிஸ்வான் கருநீலத் துணி ஒன்றைப் பாயில் விரித்தான். அதன் நடுவே ஒரேயொரு வெள்ளை இழை ஓடியது. ஜெசிந்தா ஆளில்லாத ஊஞ்சலின் படம் வைத்தாள். கடைசியாக நீ வைத்தாய். மணலில் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து. சின்னப் பிள்ளையின் காலுக்கானது. பக்கத்தில் பக்கமாக, ஒழுங்காக. உள்ளே கடல் தண்ணீர் நிறைந்து அதில் வானம் தெரிகிறது. "மச்சான், இதுக்குப் பிறகு கதைக்க என்ன கிடக்கு?" என்றான் றிஸ்வான்.

நான் தட்டோடு வாசலில் நின்றேன். "அந்தப் பொம்புள அப்படி அழுதிருக்க மாட்டா" என்று தொடங்கினேன். நீ திரும்பிப் பார்த்துக் கையை மெதுவாக உயர்த்தினாய். மரியாதையாகத்தான் சொன்னாய். "அம்மா, கோவிக்காதிங்க. நீங்க ஒண்டும் வைக்கல்லியே."

"ஏன், மாமி தேத்தண்ணி வைச்சிருக்காதானே மச்சான்!" என்றான் றிஸ்வான்.

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன்.

பெற்றவர்கள் இப்படிக் கடிதம் எழுதினால் தங்கள் பிழைகளையும் சொல்வது வழக்கம். என் பிழை ஒன்றுதான். அன்று நான் குசினிக்குப் போயிருக்கக் கூடாது. அந்தப் பாயின் மேல் ஏறி நின்று சொல்ல வந்ததைச் சொல்லி முடித்திருக்க வேண்டும். மற்றபடி நான் செய்த எதற்கும் எனக்கு வருத்தம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்குக் கேற்றைப் பூட்டினேன். நீ உள்ளே நின்று கெஞ்சினாய், அவர்கள் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார்கள். றிஸ்வான் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான்.

"மாமி, நான் பகிடிக்குச் சொன்னன். அல்லாவுக்காக மனசில வைக்காதிங்க."

"தெரியும் மனே. பகிடிதான். ஆரும் கோவத்தில சொல்லியிருந்தா நான் பூட்டியிருக்க மாட்டன்."

"அப்ப என்னத்துக்கு மாமி பூட்டின?"

"எல்லாருக்கும் சிரிப்பு வந்திச்சே, அதுக்கு."

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்தான். நல்ல பிள்ளை. விளங்கியது போலத்தான் இருந்தது, ஆனாலும் போய்விட்டான். பட்டினத்தில் மண்டபம் பிடித்தீர்கள். பாயையும் கொண்டுபோனீர்கள். நான் நாலு மணிக்கு விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டுத் தனியாக வாசித்தேன். ஜெசிந்தா புதுப் புத்தகம் வந்தால் கேற்றுக்கு மேலால் தந்துவிட்டுப் போவாள். இன்றுவரை அப்படித்தான். நீ கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போன கிழமையும் தந்தாள். விமான நிலையத்துக்கு வான் வண்டி வந்து நின்றபோது நீ பெட்டிகளை ஏற்றிவிட்டு வந்து, "இனியாவது கேற்றைத் திறங்க அம்மா" என்றாய். "கவனமாப் போ" என்றேன். அம்மாவுக்குப் பிடிவாதம் என்று உன் பெண்சாதி நிரோஜாவின் காதில் நீ சொன்னது எனக்குக் கேட்டது.

நிரோஜாவைப் பற்றியும் எழுத வேண்டும். போன மாதம் அவள் என்னோடு பேசினாள். முறைப்பாடு சொல்ல எடுக்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுடைய தகப்பனுக்குச் சுகமில்லை என்ற செய்தி வந்த அன்று அவள் அழுதுகொண்டு இருந்தாளாம். நீ கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தாயாம். பிறகு கொப்பியை எடுத்து வந்து அவளைப் படமாகக் கீறத் தொடங்கினாயாம். "வடிவாத்தான் கீறியிருக்கார் மாமி" என்றாள். மகன், அதைச் செய்யாதே. உனக்கு அது அன்புதான் என்று எனக்குத் தெரியும். சின்னதில் காய்ச்சல் வந்தால் கூட நீ சுவரில் எதையாவது கீறினால்தான் உறங்குவாய். ஆனால் ஒருத்தி அழும்போது அவளுக்கு ஒரு ஆள் வேண்டும். அவள் முகம் உனக்கு என்னவாக ஆகும் என்று பார்க்கிற கண் அந்த நேரத்தில் வேண்டாம். கொப்பியை மூடி வைத்துவிட்டு, உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் பக்கத்தில் இரு. அவள் சொல்வதைக் கேள். கேட்டதற்குச் சாட்சியாகப் படம் எதுவும் தேவையில்லை.

இனி, அன்று வாசலில் நின்று சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

உன் அக்கா திரேசாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது நம் சுவரில் தொங்கும் நத்தார் படம் மட்டும். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து. அவள் காலடியில் நீ இருந்து எதையோ சப்பிக்கொண்டிருக்கிறாய். அந்தப் படத்திலிருந்துதான் சப்பாத்தைக் கீறினாய் என்று பார்த்த உடனே விளங்கியது. என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்பது வேறு கதை. உனக்கு நான் ஒருபோதும் சொல்லவில்லை, அதற்கு மன்னிப்புக் கேட்கவும் போவதில்லை. சொல்ல ஒரு நாள் வந்தது. அந்த நாளில்தான் நீ கையை உயர்த்தினாய்.

படம் எடுத்த மறுநாள் கடல் வந்தது. அப்போது நாம் கடற்கரைப் பக்கம் இருந்தோம். உன் அப்பா அவருடைய தாயைப் பார்க்கச் செங்கலடிக்குப் போயிருந்தார். ஆட்கள் கத்திக்கொண்டு ஓடுவதைக் கண்டு உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். எங்கள் ஒழுங்கை தெருவில் ஏறுகிற இடத்தில் பிடி விட்டது. திரும்பினேன். "அம்மா, சப்பாத்து!" என்றாள். நத்தார்ப் பூசைக்குப் போய் வந்து சேறு பட்டிருந்ததால் நான்தான் கழுவி மதிலில் காய வைத்திருந்தேன். அதுவும் ஒன்று மதிலில் இருந்தது, மற்றது விழுந்து பூச்செடிக்குள் கிடந்தது. விடியற்காலையில் கண்டும் எடுக்காமல் விட்டிருந்தேன். "விடுடி, வா!" என்று கத்தினேன். "இந்தா எடுத்திட்டு வாறன்" என்று ஓடினாள்.

நான் உன்னோடு பாலத்துப் பக்கம் ஓடினேன். அவளுக்குப் பின்னால் போயிருந்தால் இதைப் படிக்க நீ இருக்க மாட்டாய். அதைப் பற்றி யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். பிறகு அவளை முகத்துவாரத்துப் பக்கம் கண்டெடுத்தார்கள். காலில் ஒன்றும் இருக்கவில்லை. சப்பாத்தை எடுத்தாளா, எடுக்க முதலே கடல் வந்துவிட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த நாவலில் தாய் கரையில் முழந்தாளிட்டு, என்னையும் எடுத்துக்கொள் என்று கடலிடம் கேட்கிறாள். ஒவ்வோர் அலையிலும் மகளின் முகத்தைக் காண்கிறாள். நீங்கள் எல்லோரும் அந்தப் பக்கங்களைத்தான் பாயில் வைத்தீர்கள். நான் எந்த அலையிலும் அவளைக் கண்டதில்லை. செருப்புக் கடையில் காண்கிறேன். கடலிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் கடலோடு இல்லை, அவளோடு. சொன்ன சொல் கேளாமல் போனாளே என்று ஏசினேன். சோறு போடும்போது ஏசினேன், உனக்குச் சீப்பால் தலை இழுக்கும்போது ஏசினேன், கோயிலில் பூசை நடக்கும்போது வாய்க்குள் ஏசினேன். அழாத தாய் என்று ஊர் பேசியது. பேசட்டும். ஏசிக்கொண்டிருக்கும் வரை ஏச ஒரு பிள்ளை எனக்கு இருந்தாள். சட்டி கழுவிக்கொண்டிருந்த ஒரு நாள் வாயில் ஏச்சு வரவில்லை. தேடிப் பார்த்தேன், வரவில்லை. எனக்கு அவள் செத்தது அன்றுதான். அதன் பிறகுதான் அழுதேன். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய்.

எழுதியவர் பெரியவராக இருக்கலாம். ஆனால் அந்தத் தாய் ஒரு தரம் கூட மகளோடு கோபிக்கவில்லை, அதனால் நான் அவளை நம்பவில்லை. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. அன்று சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணி கூட ஆறியிருக்காது.

இனி உன் கேள்விக்குப் பதில். இந்தச் சனிக்கிழமை நாலு மணிக்குக் கேற்றைத் திறப்பேன். ஆனால் நம் விறாந்தையில் பாய் விரிக்க விட மாட்டேன். பாய் இல்லாவிட்டால் அது எங்கள் வட்டம் இல்லை என்று றிஸ்வான் ஜெசிந்தாவிடம் சொல்லியிருக்கிறான். அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பாய்தான் அவனுக்கு வாய் கொடுத்தது. அதை விட்டுக் கொடு என்று நான் அவனிடம் கேட்கவில்லை, என் வீட்டுக்குள் கொண்டு வராதே என்கிறேன். அவர்கள் வராமல் போகலாம். அநேகமாக வர மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பழைய நாவலை எடுத்து வைத்துக்கொண்டு வெளிச்சம் இருக்கும் வரை இருந்துவிட்டு, கேற்றைச் சாத்திவிட்டு உள்ளே போவேன். அதற்கும் பழகிவிட்டேன்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற எல்லோருக்கும் இன்னும் ஒன்று. இதை வைத்து யாரும் படம் கீறக் கூடாது. துணியில் நெய்யக் கூடாது, மெட்டுக் கட்டக் கூடாது. மகன், உனக்கும்தான். திரும்பவும் அந்தச் சப்பாத்தை எடுத்து, ஒன்றை மதிலிலும் மற்றதைப் பூச்செடிக்குள்ளும் வைத்துக் கீற உனக்குக் கை துடிக்கும். எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவள் நான். துடிக்கட்டும், கீறாதே. இது நான் செய்து வைத்த பொருள் இல்லை, எனக்கு நடந்தது. வாசிக்க மட்டும் தருகிறேன். வாசித்தவர்கள் வெறுங்கையோடு வந்து இருக்கட்டும். கதிரை போட்டு வைப்பேன். தேத்தண்ணி வேண்டுமானால் அவரவர் குசினிக்குப் போய் ஊற்றிக்கொள்ளட்டும்.

அம்மா